பெரிய ஐடி கம்பெனியில் வேலை: உள்ளே இருப்பவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?

சென்னை ஓஎம்ஆரில் பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சம்பளம் தேதி தவறாது, பிஎஃப் ஒழுங்காகக் கட்டுவார்கள், வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஐந்து வருடம் முடித்துவிட்டால், வேலையை விடும்போது மொத்தமாகக் கொடுக்கும் கிராஜுவிட்டியும் உண்டு, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. ஆனால் எனக்கு மறக்க முடியாதது குழு மருத்துவக் காப்பீடுதான். அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது கையிலிருந்து போனது கொஞ்சம்தான். தனியாக பாலிசி எடுக்கப் போயிருந்தால் அவருடைய சர்க்கரையைக் காட்டியே இழுத்தடித்திருப்பார்கள்.

சரி, பிடிக்காதது? அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு. டீமில் பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் 'பெல் கர்வ்' என்று ஒன்று இருக்கிறதே, இத்தனை பேருக்கு உயர்ந்த ரேட்டிங், இத்தனை பேருக்குக் குறைந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே வைத்திருக்கும் விகிதம், அதற்காக யாராவது ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டும், அது பெரும்பாலும் பிரசவ விடுப்பில் போன பெண்ணாகவோ புதிதாக டீமுக்கு வந்தவராகவோ இருக்கும், மேனேஜரைக் கேட்டால் 'மேலிடத்து முடிவு' என்பார். அந்த மேலிடத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

அப்புறம் பெஞ்ச். புராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது முதல் இரண்டு வாரம் சுகம், மூன்றாவது வாரம் வேலை போய்விடுமோ என்று தூக்கம் வராது.

வெளியேறலாம் என்றால் 90 நாள் நோட்டீஸ். புதிய இடத்திலோ முப்பது நாளில் வா என்பார்கள்.