திருப்பித் தைத்த கோட்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம். கொழும்பில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அடுத்த மாதம் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் வந்து மாணவர்களைச் சந்திக்கிறார்கள். தொழில்முறை உடையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் பிளேசர் வாங்குகிறார்கள். நான் வாங்கினால் கறுப்பா, கருநீலமா? சேலை உடுத்தினால் பட்டிக்காடு என்று நினைப்பார்களா? தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு உடுத்திப் பழக்கம் இல்லை. விசிட்டிங் கார்ட் அடிக்க வேண்டுமா, லிங்க்ட்இன் கணக்கு அவசியமா என்றும் சொல்லுங்கள். எல்லோரும் "தொடர்புகளை வளர்த்துக்கொள்" என்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது. அம்மா கொழுந்து பறிக்கிறார். பெரியம்மா மட்டும் பதினான்கு வருடம் கட்டுநாயக்கவில் கார்மென்ட்டில் இருந்தார், இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த கிழமை நான் வீடு மாறும் அலுவலில் இருந்தேன். தலவாக்கலையிலிருந்து கொண்டுவந்த பழைய தகரப் பெட்டியின் அடியில், பூச்சி உருண்டை மணத்தோடு, ஒரு கோட் கிடந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக நான் போடாத கோட். அதைக் கதிரை முதுகில் மாட்டிவைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் பிளேசரின் நிறத்தைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

சில்லறைக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். விசிட்டிங் கார்ட் வேண்டாம், மாணவியின் கார்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. லிங்க்ட்இன் வைத்துக்கொள், சோறா கேட்கிறது? சேலை பட்டிக்காடு இல்லை. 2022 இல் சில ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக வேறு உடையில் பள்ளிக்கூடம் போனதற்கு இந்த நாட்டில் எழுந்த கூச்சலை நீயும் கேட்டிருப்பாய். நாள் முழுக்க உடுத்தி நிற்க முடியுமானால் உடுத்து, முடியாவிட்டால் விடு.

ஆனால் "தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு உடுத்திப் பழக்கம் இல்லை" என்ற வரிக்கு உன்னை முன்னால் நிறுத்தி ஏச வேண்டும்போல் இருந்தது. உன் அம்மா விடிய எழுந்து பெரட்டுக்கு, அந்தக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, புறப்படுவதை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறாய். என்ன பார்த்தாய்? தேயிலை வாது கீறாமலும் பனி நனைக்காமலும் இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி. கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடித்துப் போட்ட துணி. கையை மூடுவதற்கு உன் அப்பாவின் பழைய சேர்ட், பொத்தான் கழுத்துவரை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தேய்த்த சவர்க்காரத்தையும் அந்த உடையோடுதான் சேர்க்க வேண்டும். வேலைக்கேற்ற உடை என்று உங்களுக்கு ஒப்படை தருவார்களே, அதை எழுத நீ லயத்து வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. தோட்டத் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி ஓரம் நின்ற காலத்தைப் பற்றி என் பாட்டி சொல்வார். மழையாக இருந்தாலும் மடக்கத்தான் வேண்டுமாம். அப்படி அடக்கிவைத்த சனத்தின் பேத்தி, எங்களுக்கு உடுத்தத் தெரியாது என்று தானே எழுதிக் கொடுக்கிறாள்!

கோட்டுக்கு வருகிறேன். என் மாமா தலவாக்கலையில் தையல் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே உட்கார்ந்து காஜா எடுப்பேன். 1981 இல் கொழும்பில் ஓர் ஆடை ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. கட்டுநாயக்கவில் 1978 இல் வர்த்தக வலயம் தொடங்கி, கார்மென்ட்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கோட் இல்லாமல் கொழும்புக்குப் போவதா என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் என்றாலே கோட்தான். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட் போட்ட கங்காணிகளின் பழைய படங்களை நீயும் பார்த்திருப்பாய். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடமிருந்து கம்பளிக் கோட் ஒன்று வந்து சேர்ந்தது. வெளிப்பக்கம் வெளிறி, முழங்கை பளபளத்துப் போயிருந்தது. மாமா அதைத் தையல் தையலாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நான்கு இரவு உட்கார்ந்து மறுபடி தைத்தார்.

திருப்பித் தைத்தால் வெயில் படாத துணி வெளியே வரும். ஆனால் இடம் வலமாகிவிடும். இடது மார்பில் இருந்த பை வலது மார்புக்குப் போய்விடும், பொத்தான் துளைகளும் பக்கம் மாறும். உள்மடிப்பிலிருந்து உருவிய இழைகளைக் கொண்டு மாமா பழைய துளைகளை அடைத்தார். குறுக்கே ஓர் இழை, நெடுக்கே ஓர் இழை, நெய்கிற மாதிரி. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடைத்து முடித்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார், எனக்குத் தட்டுப்படவில்லை. பையை மட்டும் மறைக்க முடியவில்லை. "அதை யார் பார்க்கப் போகிறான்?" என்றார்.

இரவுத் தபால் ரயிலில் ஏறி விடிய கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினேன். தலவாக்கலைக் குளிருக்கு அளவாக இருந்த கம்பளி, ஒன்பது மணிக்கெல்லாம் முதுகில் ஈரச் சாக்காகிவிட்டது. காத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் வெள்ளைச் சேர்ட்டும் டையும். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் சான்றிதழைத் திறக்காமலே, உங்கள் ஊரில் பனி கொட்டுகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். கேள்வி அவ்வளவுதான். வேலையும் கிடைக்கவில்லை.

வெளியே நடையில், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு வயதான முஸ்லிம் பெரியவர் என்னை நிறுத்தினார். அந்த இடத்துக் கட்டிங் மாஸ்டர். பெயர், ஊர் ஒன்றும் கேட்கவில்லை. வலது மார்புப் பையில் விரலை வைத்தார். கொலரைப் புரட்டினார். "திருப்பியதா? யாருடைய கை?" என்றார். மாமாவின் கை என்றேன். என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டுபோய் வெளிச்சத்தில் பழைய துளைகளைத் தேடினார். மூன்றில் ஒன்றைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு பிளேன்டீ வாங்கித் தந்து, கம்பளித் துணியை எந்தப் பக்கம் நீவி வெட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். புறக்கோட்டையில் இருந்த தன் அண்ணனின் துணிக்கடை விலாசத்தைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார். அதன் பிறகு கொழும்பு போன போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். வேலை கேட்டு அல்ல, மாமா சொல்லி அனுப்பும் சந்தேகங்களைச் சுமந்துகொண்டு. ஒன்றரை வருடம் கழித்து அந்தப் புறக்கோட்டைக் கடையில்தான் எனக்கு முதல் சம்பளம். மாமா செத்த வீட்டுக்கு அவர் மலை ஏறி வந்தார். அதற்கு முன் இருவரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

இப்போது உன் கடைசி வரிகள். "ஒருவரையும் தெரியாது" என்கிறாய். மூச்சு விடுவதற்குள் பெரியம்மா பதினான்கு வருடம் கார்மென்ட்டில் இருந்தார் என்கிறாய். நடுவில் ஒரு "மட்டும்" போடுகிறாய். அந்த "மட்டும்" எனக்குப் பொறுக்கவில்லை, மகள். இந்த நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களில் ஆடை தேயிலையை எப்போதோ முந்திவிட்டது. அந்த இரண்டிலும் கை வைத்த வீடு உன்னுடையது. பெரியம்மா எந்த மெஷினில் இருந்தார் என்று கேட்டிருக்கிறாயா? ஓவர்லொக்கா, ஃபிளாட்லொக்கா? மணிக்கு எத்தனை துண்டு இலக்கு? எந்தத் தையலில் லைன், அந்த மெஷின் வரிசை, முழுவதும் தேங்கி நிற்கும்? வரைபவர் ஒரு தையல் வரியை அழகுக்காக வளைத்துவிட்டால், தைப்பவரின் கையில் அது எத்தனை விநாடியாக விழும்? ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை 2010 இல் போய் 2017 இல் திரும்பி வந்தது என்று நீ பரீட்சைக்குப் படித்திருப்பாய். அந்த இடைவெளியில் ஓவர்டைம் எப்படி இருந்தது என்று அவரிடமோ, அவருக்குப் பின்னும் அங்கே இருந்தவர்களிடமோ கேள். அவரோடு ஒரே போர்டிங் அறையில் படுத்தவர்கள் இன்று எங்கே? அவர்களில் ஒருத்தியாவது சுப்பர்வைசர் ஆகியிருக்க மாட்டாளா? அவர்களின் இலக்கங்கள் ஏதோ ஒரு பழைய கொப்பியில் இருக்கும். இத்தனையையும் கேட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போ. உங்கள் நிறுவனத்தில் சேர ஆசை என்று அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் லைன் எந்தத் தையலில் தேங்குகிறது என்று நீ கேட்டால், எதிரே நிற்பவர் கையிலுள்ள தேநீரைக் கீழே வைப்பார்.

இன்னும் ஆட்கள் வேண்டுமா? மாத்தளை அலுவிகாரையில் ஈனா டி சில்வா ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பத்திக் சாயவேலையும் எம்பிராய்டரியும் வளர்த்தார். தும்பரப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021 இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது, அதை நெய்கிறவர்கள் கண்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். போய் ஒரு பகல் தறியடியில் உட்கார். 2003 இலிருந்து நடக்கிற கொழும்பு ஃபேஷன் வீக்குக்கு டிக்கெட் கிடைத்தால் அதையும் பார், நான் தடுக்கவில்லை. அங்கே முன்வரிசையில் இருப்பவருக்கு உன் பெயரை ஞாபகம் வைக்க ஒரு காரணமும் இல்லை. தறிக்காரருக்கு இருக்கும், அவரைத் தேடிப் போகிற பிள்ளைகள் குறைவு.

பிளேசரை மறந்தே போனேன். கடையில் புதிது வாங்கிக் காசைக் கொட்டாதே. நுவரெலியா பேல் கடைகளில், மூட்டையாக வரும் உடுப்புகளை விற்கிற இடங்களில், தேடு. அங்கே தொங்குகிறவற்றில் ஏற்றுமதியில் கழிந்தவையும் உண்டு, உன் பெரியம்மா இருந்த லைனிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். தோளை மாத்திரம் பார். தோள் தையல் உன் தோள் எலும்பில் முடிய வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளில் கை வைத்தால் பாதிக் கோட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். கம்பளி மட்டும் வேண்டாம், ஏன் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கியதைக் கொட்டகலைக்குக் கொண்டுபோ. அங்கே என் அக்கா மகள் தைக்கிறாள், அவளும் கட்டுநாயக்கவில் இருந்து வந்தவள்தான். விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன், அவளிடமும் சொல்லிவைக்கிறேன். ஞாயிறு பின்னேரம் போ, பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு. கறுப்பா கருநீலமா என்பதை அவர்கள் இருவரும் சண்டை பிடித்து முடிவுசெய்யட்டும்.