பதினோராம் நாள் நின்றுபோன நோட்டு

கேள்வி: வணக்கம் சார். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், வயது 38. தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஸ்கூல் படிக்கும்போது நன்றாக வரைவேன், பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். தினமும் ஒரு வாட்டர்கலர் படம் என்று யூடியூப் பார்த்து ஆரம்பித்தேன், பதினோரு நாளோடு நின்றுவிட்டது. எந்தக் கலரைத் தொட்டாலும் கடைசியில் சேறாகிவிடுகிறது. மாமியார் வேறு, "கொழந்தைகிட்ட இருந்து கலர் டப்பாவப் புடுங்கிகிட்டியா?" என்று கேட்கிறார். பக்கத்தில் கிளாஸ் எதுவும் இல்லை. தினமும் வரைந்தால் நிஜமாகவே கை வருமா, இல்லை இந்த வயதில் இது வீண் ஆசையா? கடைசியாகப் போட்ட மாங்காய்ப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். திட்டாதீர்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: திட்டவில்லை அம்மா. படத்தைப் பார்த்ததும் அது பெங்களூரா மாங்காய் என்று தெரிந்துவிட்டது, அந்தக் கிளிமூக்கை அப்படியே பிடித்திருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரிக்காரன், மாங்காய் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. உருவம் வந்துவிட்டது, கலர்தான் கவிழ்த்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அந்தப் பதினோரு நாள்.

என்னென்ன போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் யூகிக்க முடிகிறது. ஒரு நாள் சூரிய அஸ்தமனம், ஒரு நாள் ரோஜா, ஒரு நாள் பனி மலை, நடுவில் ஒரு கிருஷ்ணர், அப்புறம் ஒரு லைட்ஹவுஸ். பாலக்கோட்டில் இருந்துகொண்டு லைட்ஹவுஸ் எதற்கு? தினம் ஒரு புதுப் படம் என்றால் தினம் ஒரு புதுக் கஷ்டம். நேற்று ரோஜாவில் செய்த தப்பைத் திருத்த இன்றைக்கு வாய்ப்பே இல்லை, ஏனென்றால் இன்றைக்குப் பனி மலை. பதினோரு நாளில் பதினோரு விதமாகத் தோற்றால் யாராக இருந்தாலும் நோட்டை மூடி வைத்துவிடுவார்கள். உங்களுக்குச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடித்து தர்மபுரி போய் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவரைச் சோம்பேறி என்று யார் சொல்வது?

நான் சொல்வது இதுதான். முப்பது நாளைக்கு ஒரே பொருளை வரையுங்கள்.

கேட்க சப்பென்று இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அரசாங்கம் நடத்துமே, ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று பரீட்சை, அதற்கு நான் தயாரான காலத்தில் என்னுடைய டிராயிங் மாஸ்டர் ஒரு பித்தளைச் சொம்பை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு "வரை" என்றார். வரைந்தேன். மறுநாளும் அதே சொம்பு. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து, சார் வேறு ஏதாவது வைக்கலாமே என்று கேட்டதற்கு, சொம்பைக் கால்வட்டம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சொம்பைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றிருந்தது. பத்தாவது நாளோ பதினைந்தாவது நாளோதான் ஒன்று கண்ணில் பட்டது. சொம்பின் வாயை நான் இரண்டு பக்கமும் கூராக, கண் மாதிரி வரைந்துகொண்டிருந்தேன். நிஜத்தில் அங்கே கூரே கிடையாது. வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் முட்டை மாதிரி நீளும், ஆனால் ஓரங்கள் வளைந்துதான் திரும்பும். அதைவிட ஆச்சரியம் அடிப்பாகம். மேலிருந்து பார்க்கும்போது வாய் ஒடுங்கலாகத் தெரியும், அடி வளைவு அதைவிட நன்றாக வளைந்திருக்கும், ஏனென்றால் அது கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. சொம்பு தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று நேர்கோடாக அடியை வரைவோம் பாருங்கள், அங்கேதான் படம் செத்துப்போகும். இதை மாஸ்டர் முதல் நாளே வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

உங்கள் வீட்டிலும் சொம்பு இருக்கும், எவர்சில்வர் வேண்டாம், அதில் சமையலறையே பிரதிபலித்துக் குழப்பும். பித்தளையோ மண் சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரூல் போடாத நோட்டு, ஒரு 2பி பென்சில், பதினைந்து நிமிடம். அழிரப்பர் வேண்டாம், தப்பான கோடு பக்கத்திலேயே இருக்கட்டும், அதைப் பார்த்துத்தானே சரியான கோட்டைப் போடப்போகிறீர்கள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, சொம்பின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று அளந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் ஒரு நாள் சொம்பையே வரையாமல் அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை மட்டும் வரைந்து பாருங்கள், கழுத்துப் பக்கம் இருக்கும் அந்த இடுக்கை ஒரு வடிவமாக நினைத்து. இன்னொரு நாள் நோட்டைப் பார்க்காமல் சொம்பை மட்டும் பார்த்து ஒரே கோட்டில் சுற்றி வாருங்கள். அசிங்கமாகத்தான் வரும், சிரித்துவிட்டுத் தேதி போட்டு வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும், மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டாதீர்கள். அது கடன் அடைக்கிற மாதிரி ஆகி, நாலு நாள் சேர்ந்தால் மறுபடி நோட்டை மூடிவிடுவீர்கள்.

கலரை எப்போது தொடுவது? வாரத்தில் இரண்டு நாள் போதும். தினமும் கலர் அடித்தே தீர வேண்டும் என்பது யூடியூபில் பெயிண்ட் விற்கிறவர்கள் கிளப்பிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது உங்கள் மாங்காய். சேறு எங்கிருந்து வந்தது என்று படத்திலேயே தெரிகிறது. மஞ்சள் போட்டிருக்கிறீர்கள், அது அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மேலே சிவப்பு, அதையும் பொறுக்காமல் பச்சை, பிறகு பழுப்பாகிவிட்டதே என்று வெள்ளையைக் கலந்து மேலே ஒரு தேய்ப்பு. சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்புதான் வரும். அரை ஈரத்தில் பிரஷ் வைத்தால் கீழே படிந்திருக்கும் கலர் பெயர்ந்து வரும். வெள்ளையைக் கலந்தால் வாட்டர்கலரின் உயிரே போய்விடும், ஏனென்றால் இதில் வெளிச்சம் வருவது பேப்பரிலிருந்து. கலர் ஒரு கண்ணாடி மாதிரி, அதன் வழியாகப் பேப்பரின் வெண்மை தெரிய வேண்டும். பேப்பரை மூடி மறைக்கிற போஸ்டர் கலர் பழக்கத்தில் நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது. ஸ்கூலில் உங்களுக்குப் பரிசு வாங்கித் தந்தது போஸ்டர் கலர்தானே?

அதே மாங்காயை இப்படிப் போட்டுப் பாருங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர், ஒன்று பிரஷ் அலச, ஒன்று நல்ல தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் போர் தண்ணீர் டம்ளர் ஓரத்திலேயே வெள்ளையாகப் படிகிறது, குடிக்க வரும் ஒகேனக்கல் தண்ணீரில் ரெண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பென்சிலில் லேசாக வடிவம். வெளிச்சம் பளிச்சென்று விழும் இடத்தைச் சின்னதாகக் குறித்து, அதைத் தொடவே தொடாதீர்கள், அதுதான் உங்கள் வெள்ளை. மீதி மாங்காயை வெறும் தண்ணீரால் நனைத்து, லெமன் யெல்லோவைத் தண்ணியாக விடுங்கள். பேப்பர் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் இருக்கும்போது காம்புப் பக்கத் தோளில் கிரிம்சனை, அதாவது அடர் சிவப்பை, ஒரு சொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாக மஞ்சளுக்குள் பரவி ஆரஞ்சாகும். இந்த இடத்தில்தான் கை அரிக்கும், இன்னும் கொஞ்சம் தடவலாமே என்று தோன்றும். எழுந்து போய் அடுப்பைப் பாருங்கள், துணியை மடியுங்கள், எதையாவது செய்யுங்கள். திரும்பி வந்து புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சில் போன பிறகுதான் நிழல். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் அருமையான சாம்பல் வரும், கறுப்பு ட்யூபைத் திறக்கவே வேண்டாம். அதை நிறையத் தண்ணீர் விட்டு மாங்காயின் அடியிலும் தரையில் விழும் நிழலிலும் ஒரே இழுப்பில் போட்டால் முடிந்தது. மூன்று தடவை பேப்பரைத் தொட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். காய்ந்தால் கொஞ்சம் வெளிறும், ஆகவே ஈரத்தில் பார்க்கும்போது ஒரு பிடி அதிகமாகவே தெரிய வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம், ஃபேனை நிறுத்துங்கள். சித்திரை வைகாசியில் நம் பக்கம் அடிக்கிற வெயிலில் பேப்பர் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும், அதோடு ஃபேனும் ஓடினால் கலர் பரவுவதற்கு நேரமே இருக்காது, ஓரமெல்லாம் கோடு கோடாக நின்றுவிடும். வெளிநாட்டுக்காரர் வீடியோவில் பொறுமையாகப் பேசிக்கொண்டே செய்வது நமக்கு வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். காலை ஆறரைக்குச் செய்யுங்கள், இல்லையென்றால் பேப்பரின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் படம் அப்பளம் மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்தால் சாதாரண டிராயிங் ஷீட் போலிருக்கிறது. 300 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனம்) வாட்டர்கலர் பேப்பர் என்று கேட்டு ஏ3 ஷீட்டாக வாங்கி எட்டாக வெட்டினால் போஸ்ட்கார்டு அளவில் எட்டு வரும், வாரம் இரண்டு என்றால் ஒரு மாதத்துக்கு ஒரே ஷீட் போதும். பெயிண்ட் கேம்லினே போதும். பிரஷ் ரவுண்டு 8ஆம் நம்பர் ஒன்று, நுனி கூராக நிற்கிறதா என்று கடையிலேயே நனைத்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அப்புறம், நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நேரம் ஒன்று இருக்கிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் சாயந்திரம் பாலக்கோடு பஸ்ஸுக்கு நிற்கிறீர்களே, அந்த இருபது நிமிடம். அங்கே பூ கட்டுகிற அம்மா, மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர், தூங்குகிற கண்டக்டர், எல்லோரும் இலவச மாடல்கள். ஆளுக்கு முப்பது விநாடி, ஏழெட்டுக் கோடு. முகம் வேண்டாம், முதுகு எப்படி வளைந்திருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, அது மட்டும். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை மேல் வெள்ளை நிறத்தில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் ஒரு ஆள், நாலைந்து இழுப்புதான், கண் மூக்கு எதுவும் கிடையாது, ஆனாலும் அது குதிரை, அவன் சவாரி செய்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் தெரிகிற குன்றுகளையும் பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டை உருண்டையாகப் பாறைகள், காலை வெயிலில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அத்தனை விவரமும் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டு மூன்று அடர்த்திதான் மிஞ்சும். சந்தேகமாக இருந்தால் போனில் போட்டோ எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எங்கே அடர்த்தி, எங்கே வெளிச்சம் என்று காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மாங்காயையும் அப்படிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், ஒரே சாம்பலாக இருந்தது, அதனால்தான் தட்டையாகத் தெரிகிறது.

வீடியோ பார்த்து வரைவது பாவமில்லை. ஆனால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்துவிட்ட படத்தைத்தான் நீங்கள் நகல் எடுக்கிறீர்கள், உங்கள் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தவர், அந்தக் கோடுகளைப் பார்த்தாலே உட்கார்ந்து பார்த்த கண் தெரியும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓவியர் கோபுலு தெரியுமில்லையா? பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். அத்தனை வருடம் பழக்கிய கையே போன பிறகும் வரைய முடிந்தது என்றால் வரைவது எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 38க்கு அவர் சிரித்திருப்பார்.

மாமியார் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் அவர் கீரை ஆய்கிற கையை முப்பது விநாடியில் வரைந்து காட்டுங்கள், நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, அவரை யாரும் அதுவரை வரைந்திருக்க மாட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முப்பது நாளைக்கு எதையும் போடாதீர்கள். நாலு பேர் "சூப்பர்" என்று சொன்னால் சொம்பை விட்டுவிட்டு மறுபடி ரோஜாவுக்குப் போய்விடுவீர்கள்.

முதல் நாள் சொம்பையும் முப்பதாம் நாள் சொம்பையும் அனுப்புங்கள், நடுவில் இருப்பது எனக்கு வேண்டாம். அந்தச் சேறான மாங்காயைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அல்ட்ராமரினில் எவ்வளவு பர்ன்ட் சியன்னா சேர்த்தால் எந்தச் சாம்பல் வருகிறது என்று தீற்றிப் பார்க்க உதவும்.