பாட்காஸ்ட்டும் யூடியூபும் நெல்லையில் சோறு போடுமா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகப் பாட்காஸ்ட்டும் யூடியூப் சேனலும் நடத்தி வருகிறேன். வருமானத்தைப் பற்றி நம் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

அம்பாசமுத்திரம்: யூடியூபில் எப்போது பணம் வரத் தொடங்கும், அண்ணாச்சி?

விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாட்களில் ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளிகள் வழியாக 1 கோடி பார்வைகளோ வேண்டும். அதன்பின் நீளமான காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடும் ஷார்ட்ஸில் 45 விழுக்காடும் உங்கள் பங்கு. கணக்கில் 100 டாலர் சேரும்வரை வங்கிக்கு எதுவும் வராது. எனக்கு அது சேரப் பதினான்கு மாதங்கள் ஆயின. கையில் உள்ள வேலையை விட்டுவிடாதீர்கள்.

தென்காசி: என் பாட்காஸ்ட்டை மாதம் 3,000 முறை பதிவிறக்குகிறார்கள். ஒரு ரூபாய்கூட வரவில்லையே, ஏன்?

பாட்காஸ்ட்டின் அமைப்பே அப்படித்தான். ஒலிக்கோப்பு ஓரிடத்தில் இருக்க, அதன் முகவரியை மட்டும் ஆர்எஸ்எஸ் ஓடை என்னும் இணையப் பட்டியல், கேட்கும் செயலிகளுக்குக் கொண்டு செல்கிறது. அச்செயலி பொதுவாக உங்களுக்காக விளம்பரம் விற்பதில்லை என்பதால் பங்கு தரவும் அதனிடம் ஒன்றுமில்லை. விளம்பரதாரரை நீங்களேதான் தேட வேண்டும். அவரிடம் பதிவிறக்கக் கணக்கை மட்டும் காட்டாதீர்கள், ஏனெனில் பதிவிறக்கியவர் எல்லாரும் கேட்டவர் அல்லர். 2023 செப்டம்பரில் ஆப்பிள் கைபேசிகளுக்கு வந்த ஐஓஎஸ் 17 மென்பொருள், கேட்கப்படாத நிகழ்ச்சிகள் தாமாக இறங்குவதைக் குறைத்தபோது, உலகின் பெரிய நிகழ்ச்சிகளின் பதிவிறக்க எண்ணிக்கையே சரிந்தது.

நெல்லை வண்ணார்பேட்டைக் கடைக்காரருக்கு, எங்கெங்கோ இருக்கும் 3,000 பேரைவிட அவர் கடைக்கு வந்து போகக்கூடிய 300 பேரே மேலானவர்கள். எனக்கு ஒரு விதைக் கடையும் ஒரு தையல் இயந்திரக் கடையும் ஆண்டுக்கு ஒரு தொகை தருகின்றன. ஆயினும் என் வீட்டுச் செலவைத் தாங்குவது, பிறருக்கு ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் செய்து கொடுக்கும் கூலிதான்.

சேரன்மகாதேவி: எந்த மைக் வாங்கலாம்?

இருக்கும் கைபேசியிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் துணிகள் நிறைந்த அறையில் பதிவு செய்யுங்கள். கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள்.

முக்கூடல்: சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டை முழுதாகப் பதிவு செய்து ஏற்றினேன். இப்போது வில்லடித்துப் பாடிய புலவர் பங்கு கேட்கிறார். பொதுவில் பாடியதுதானே?

பொதுவில் பாடியதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38ஆம் பிரிவில், நிகழ்த்துகலைஞருக்கென 50 ஆண்டு நீடிக்கும் தனி உரிமையைத் தருகிறது. கொடை நடத்துவோர் உங்களுக்குத் தந்த அனுமதி, வில்லடிப்பவரும் உடுக்கையும் குடமும் அடிப்பவர்களும் தந்த அனுமதி ஆகாது.

சுரண்டை: எத்தனை சந்தாதாரர்கள் வந்தால் பணம் வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாவூர்சத்திரம்: அழியும் கலையைக் காப்பவரிடமே காசு கேட்டால், இனி யார் பதிவு செய்வார், அண்ணாச்சி?

இந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். கொடைக் காலத்துச் சில மாதங்களில் விடிய விடியப் பாடித்தான் அவர்கள் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்க வேண்டும். கலைஞன் பட்டினி கிடக்கும்போது கலையைக் காத்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. நானும் தொடக்கத்தில் அப்படியொரு பதிவை ஏற்றியவன்தான். குடம் அடித்தவர், "எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்றார். அன்றே அதை நீக்கினேன். அதன்பின் ஒவ்வொரு குழுவுடனும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு, வரவில் பாதியைக் கொடுக்கிறேன்.

முக்கூடல்: எனக்கு வந்ததே 2,300 ரூபாய். ஐந்து பேருக்கு எப்படிப் பங்கிடுவது?

மக்கள் கேட்டது அந்த ஐந்து பேரைத்தானே, தம்பி.

புளியங்குடி: யூடியூபில் அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்கிறார்களே?

கட்டாயம் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருவாயிலுமே 24 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வந்ததில் மட்டும், இந்திய உடன்படிக்கைப்படி, 15 விழுக்காடு பிடிப்பார்கள். நம் ஊர் வருமான வரிக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

வள்ளியூர்: வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கலாமா?

வேண்டாம்.

முக்கூடல்: சரி அண்ணாச்சி, புலவரிடம் என்ன சொல்வது?

யூடியூப் காட்டும் வருவாய்ப் பக்கத்தை அப்படியே அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பதிவு இருக்கலாமா, நீக்க வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள். இருக்கலாம் என்றால் ஐந்து பேரின் பெயரையும் ஊரையும் காணொளிக்குக் கீழே எழுதுங்கள். அடுத்த கொடைக்குக் குழுவைத் தேடுபவர்களுக்காக, அவர் சம்மதித்தால், அவருடைய தொலைபேசி எண்ணையும் அங்கேயே சேருங்கள்.