மூன்று பேக்கேஜ், ஒரே ரெப்போ

தம்பி, பைத்தானில் எட்டு சான்றிதழ் வாங்கியும் இன்டர்வியூவில் இரண்டாவது சுற்றைத் தாண்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு ப்ராஜெக்ட், எல்லாமே ஒரே கோப்பில் முடிந்துவிடுகின்றன. கம்பெனிகளில் ப்ரோக்ராம் கோடு அப்படி இருப்பதில்லை. ஒரு குழுவின் பேக்கேஜை, அதாவது பிறர் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பை, நம்பி இன்னொரு குழு வேலை செய்யும். ஒன்றில் கை வைத்தால் எது உடையும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் அங்கே தேடுகிறார்கள்.

கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் களஞ்சியம்தான் ரெப்போ. பல பேக்கேஜ்களை ஒரே ரெப்போவில் வைப்பதுதான் மோனோரெப்போ. கூகுள் தன் கோடில் பெரும்பகுதியை அப்படித்தான் வைத்திருக்கிறது. 2015 கணக்குப்படி சுமார் 200 கோடி வரிகள். மிரள வேண்டாம், உங்களுக்கு மூன்று பேக்கேஜ் போதும்.

ஹாஸ்டல் மெஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, தொகை போன்ற அடிப்படைகளுக்கு 'பொது' என்று ஒரு பேக்கேஜ். அதை நம்பி பில் போடுவது 'கணக்கு'. அதையும் நம்பி மாணவர்களுக்குச் செய்தி அனுப்புவது 'அறிவிப்பு'. மூன்றுக்கும் தனித்தனி பைப்ராஜெக்ட் டாமல் (pyproject.toml) கோப்பு. தனக்கு எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று ஒவ்வொன்றும் அதில்தான் சொல்லும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் என்றால் மூன்றையும் எடிட்டபிள் முறையில் (கோடை மாற்றினால் மறுபடி நிறுவ வேண்டியதில்லை) வரிசை பார்த்து நிறுவ வேண்டும். வரிசை தப்பினால் பிப் உங்கள் 'பொது'வை இணையத்திலுள்ள பைபிஐ பேக்கேஜ் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். பிப் செய்யும் வேலையையே செய்யும் யூவி (uv) கருவிக்கு, பல பேக்கேஜ்களைச் சேர்த்து நிர்வகிக்கும் வொர்க்ஸ்பேஸ் வசதி 2024இல் வந்தது. மூன்றுக்கும் ஒரே லாக் ஃபைல் (எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைப்பது), ஒரே விர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகளை நிறுவி வைக்கும் தனி இடம்). 'பொது'வில் ஒரு வரி மாற்றினால் மற்ற இரண்டுக்கும் உடனே தெரியும்.

பள்ளமும் அங்கேதான். 'அறிவிப்பு' தன் டாமல் கோப்பில், இணையத்தோடு பேச உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வேண்டும் என்று சொல்லியிருக்கும். நீங்கள் ஒரு அவசரத்தில் 'கணக்கு'க்குள்ளும் ரிக்வெஸ்ட்ஸை இம்போர்ட் செய்வீர்கள், அதன் டாமல் கோப்பில் எழுத மறந்துவிடுவீர்கள். என்விரான்மென்ட் பொதுவானது என்பதால் ஓடும், டெஸ்டும் பச்சைதான், அதாவது தேறிவிடும். 'கணக்கை' மட்டும் தனியே சர்வரில் ஏற்றும் அன்றைக்கு லைப்ரரியே இல்லை என்று மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வந்து நிற்கும். அதனால், கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒவ்வொரு பேக்கேஜையும் அது கேட்டதை மட்டும் கொடுத்துத் தனியாக டெஸ்ட் செய்யுங்கள். யூவி சிங்க் கட்டளையில் பேக்கேஜ் பெயரைச் சொன்னால் போதும். இதை ஒரு முறை கையால் செய்தவர் இன்டர்வியூவில் பேசும் விதமே வேறு.

'கணக்கு'க்கு 'அறிவிப்பில்' இருந்து ஏதோ தேவைப்படும் நாளும் வரும். திருப்பி இம்போர்ட் செய்யாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று நம்பி வட்டமாகிவிடும். தேவைப்படுவதைப் 'பொது'வுக்கு இறக்குங்கள். அப்புறம், இரண்டு பேக்கேஜ்கள் ஒரே லைப்ரரியின் ஒத்துப்போகாத வெர்ஷன்களைக் கேட்டால் வொர்க்ஸ்பேஸ் சரிவராது. எப்போது இது வேண்டாம் என்பதையும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால், வேலைகளை வரிசைப்படி ஓட்டும் அப்பாச்சி ஏர்ஃப்ளோ மென்பொருளின் ரெப்போவில், வெளிச் சேவைகளோடு இணைக்கும் பேக்கேஜ்கள் இருக்கும் ப்ரொவைடர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, ஏதாவது இரண்டு டாமல் கோப்புகளை ஒப்பிட்டுப் படியுங்கள்.

இன்னொரு கோர்ஸுக்கு அப்பாவிடம் பணம் கேட்க வேண்டாம். இதற்குச் செலவே இல்லை, மாலை நேரங்களில் உட்கார்ந்தால் மூன்று வாரம். எது எதை நம்புகிறது என்று ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு படம் போடுங்கள். முடித்ததும் லிங்க் அனுப்புங்கள். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் சிவப்பாகிப் பிறகு பச்சையான ஓட்டம் ஒன்றாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.