டெல்லியின் பழைய மாசு ஆணையத்தைக் கலைத்தது சரியா? – கேள்வி பதில்

டெல்லி வட்டாரக் காற்று மாசைக் கண்காணித்து வந்த சுற்றுச்சூழல் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு ஆணையத்தை (இபிசிஏ) 2020 அக்டோபர் 28 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கலைத்து, அதன் இடத்தில் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தைக் கொண்டுவந்தது. அது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மதுரை வாசகர்: இபிசிஏ வெறும் ஆலோசனைக் குழுதானே? அது போனதில் என்ன நட்டம்?

சட்டப்படி அது ஆலோசனைக் குழு அல்ல. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், தனி ஆணையம் அமைக்க இடம்தரும் 3(3) பிரிவின் கீழ் 1998 ஜனவரியில் அமைக்கப்பட்டது. உத்தரவிடவும் வழக்குத் தொடரவும் அதற்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் செய்தது ஒன்றுதான்: நேரில் போய்ப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது, நீதிமன்றத்தில் வைப்பது. தலைவர் பூரே லாலும் உறுப்பினர் சுனிதா நாராயணும் அறிக்கை வைத்தால் நீதிபதிகள் கேட்டார்கள். அதுதான் அதன் உண்மையான பலம். நட்டமும் அங்கேதான்.

கோவை வாசகி: 22 ஆண்டுகளில் உருப்படியாக ஏதாவது நடந்ததா?

நடந்தது. டெல்லியின் எல்லாப் பஸ்களும் 2001 மார்ச் 31க்குள் சிஎன்ஜி எனும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று 1998 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு அடித்தளம் இந்த ஆணையம் கொடுத்த அறிக்கை. கெடு தள்ளிப்போனது, எரிவாயு நிலையங்களில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன, டீசலே போதும் என்று பெரிய இடங்களிலிருந்து குரல் வந்தது. அத்தனையையும் மீறி 2002 இறுதிக்குள் டெல்லி மாநகர டீசல் பஸ்கள் சாலையை விட்டுப் போயின. ஓர் அறிக்கை இவ்வளவு பெரிய நகரத்தின் போக்குவரத்தையே மாற்றியது நம் நாட்டில் அரிது.

2015இல் டெல்லிக்குள் நுழையும் சரக்கு வாகனங்களுக்குச் சுற்றுச்சூழல் கட்டணம், 2017இல் ஆலைகளில் எரிக்கும் அதிக மாசு தரும் எரிபொருள்களான பெட்கோக், உலை எண்ணெய் ஆகியவற்றுக்கு அண்டை மாநிலங்களில் தடை ஆகியவற்றிலும் அதன் பங்கு உண்டு.

திருச்சி வாசகர்: அப்படியானால் ஏன் கலைக்க வேண்டும்?

காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது. அதன் எல்லை, டெல்லியும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் அடங்கிய தேசியத் தலைநகர் வட்டாரம் மட்டுமே. பஞ்சாப் அதற்குள் வராது. அக்டோபர், நவம்பரில் டெல்லியை மூடும் புகையில் ஒரு பங்கு, பயிர்க்கழிவை எரிக்கும் பஞ்சாப் வயல்களிலிருந்து வருகிறது. அதோடு, பதவிக்காலத்தை அவ்வப்போது நீட்டித்தே காலம் தள்ளிய ஓர் அமைப்பு ஐந்து மாநில அரசுகளைக் கட்டுப்படுத்த முடியாது. கலைத்தது சரி என்பதே என் கருத்து. கலைத்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது. பயிர்க்கழிவு எரிப்பைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி மதன் லோகூரை உச்ச நீதிமன்றம் நியமித்துப் பத்துப் பன்னிரண்டு நாட்களில், அதற்கு மாற்றாக இந்த அவசரச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லை.

சேலம் வாசகர்: புதிய காற்றுத் தர மேலாண்மை ஆணையம் மேலானதா?

ஏட்டளவில் மிகவும் மேலானது. டெல்லியோடு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் வரை கை நீளும். உத்தரவை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். அவசரச் சட்டத்தை உரிய காலத்தில் மசோதாவாக்காததால் 2021 மார்ச்சில் அது காலாவதியானது. ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட ஒரு மாதம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகஸ்டில்தான் முறையான சட்டம் வந்தது. 2024 செப்டம்பரில், கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றமே இந்த ஆணையத்தைக் கடிந்துகொண்டது.

தஞ்சை விவசாயி: எல்லாப் பழியும் எங்கள் தலையில்தானா?

இல்லை, ஐயா. வாகனம், ஆலை, கட்டுமானத் தூசி எல்லாம் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. பஞ்சாப் விவசாயியின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிஞ்சுகிறது. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற நெல் தாளை எரிப்பதுதான் அவருக்கு மலிவான வழி. 2021 சட்டம் விவசாயிகளுக்குச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது நியாயம். 2024 நவம்பரில், தாளை எரிக்கும் விவசாயி கட்ட வேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையை இரட்டிப்பாக்கி, நிலத்தின் அளவைப் பொறுத்து 5,000 முதல் 30,000 ரூபாய் வரை ஆக்கியது எனக்கு உடன்பாடில்லை. அந்த வேகத்தை, தாளை வயலிலிருந்து எடுத்துச்செல்லும் ஏற்பாட்டில் காட்டியிருக்கலாம்.

சிவகாசி வாசகர்: டெல்லியில் பட்டாசுத் தடை வந்ததும் இந்த ஆணையத்தாலா?

அது உச்ச நீதிமன்றத்தில் தனியாக நடந்த வழக்கு. மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே என்ற நிபந்தனை 2018இல் வந்ததும் அதில்தான்.

ஆம்பூர் வாசகி: இப்படி ஓர் அமைப்பு நமக்கு வருமா?

உங்கள் ஊருக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. பாலாற்றைப் பாழாக்கிய தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, அதே 3(3) பிரிவின் கீழ், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடுவது அதன் வேலை. காற்றுக்காகத் தமிழ்நாட்டில் தனி ஆணையம் இல்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியமே பார்க்கிறது. எண்ணூர், மணலி மக்கள் படும் பாட்டைப் பார்த்தால், வாரியத்துக்கு வெளியே நேரில் போய்ப் பார்த்து நீதிமன்றத்தில் அறிக்கை வைக்கும் ஒரு குழுவாவது அங்கே வேண்டும். அதைக் கேட்டு மனுப் போட எவருக்கும் உரிமை உண்டு.