கொம்பியூட்டர் கேள்வி–பதில்: திறக்கும் நாளை நினைத்துக் கட்டுங்கள்

போன இதழில், என் கடையில் கட்டிக்கொடுத்த தண்ணீர் ஓடும் கொம்பியூட்டர் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. புதியவர்களுக்கு ஒரு வரி: பம்ப் ஒன்று தண்ணீரை ரியூப் வழியாக, சூடாகிற சிப்பின் மேல் பூட்டிய உலோகப் புளொக்குக்கும் சூட்டைக் காற்றுக்கு விடுகிற றேடியேற்றருக்கும் சுற்றவிடும், அந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறோம். பிரிண்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானா கட்டாரிலிருந்து ஒரு வோட்டர் கூலிங் செட் அனுப்பினவர். 240 மில்லிமீற்றர் றேடியேற்றர், புறொசெசருக்குச் செம்புப் புளொக், பம்பும் தொட்டியும் சேர்ந்த ஒன்று, ரியூப், பச்சைத் தண்ணி ஒரு போத்தல். றேடியேற்றர் கையில எடுத்தால் நல்ல இலேசாக இருக்கு. அப்படியே பூட்டலாமா அக்கா?
— வாசகர், காத்தான்குடி

இப்போதைக்குப் பூட்ட வேண்டாம் தம்பி. 'இலேசாக இருக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அந்தச் சொல்லில்தான்.

என் அப்பா திருகோணமலை வீதியில் றேடியேற்றர் பட்டறை வைத்திருந்தவர். பெரும்போக அறுவடை தொடங்கினால் படுவான்கரைப் பக்கமிருந்து உழவு மெசின்களும் லொறிகளும் வரிசையாக வரும். வைக்கோல் தூசி அடைத்தது, ஓட்டை விழுந்தது, உள்ளே அரித்துப்போனது என்று ஒவ்வொன்றும் ஒரு கோலம். அப்பா எதையும் கேட்பதற்கு முன் றேடியேற்றரை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். செம்பும் பித்தளையும் என்றால் கை தாழும், அலுமினியம் என்றால் தாழாது. எந்த மருந்து ஊற்றுவது, எதால் பற்றவைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து வயதில் அவர் பக்கத்தில் நின்று நான் படித்த முதல் பாடம் அது.

உங்கள் செட்டில் புளொக் செம்பு. றேடியேற்றர் அலுமினியமாக இருந்தால், இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீர் சுற்றிச்சுற்றி நனைக்கும். செம்பிலிருந்து துளித்துளியாகக் கரைவது அலுமினியத்தில் போய்ப் படியும். படிந்த இடமெல்லாம் ஒரு சின்னப் பெட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். சில மாதங்களில் தண்ணீரில் வெள்ளைச் சேறு தெரியும். அந்தச் சேறு புளொக்கின் உள்ளே மயிரிழை மாதிரி இருக்கிற வாய்க்கால்களில் போய் அடைக்கும். ஓட்டை விழுவது அதற்குப் பிறகு.

'கடையில் பூட்டியபடியே விற்கிற மூடிய கூலர்களிலும் அலுமினியமும் செம்பும்தானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். அதில் தொழிற்சாலையிலேயே அரிப்புத் தடுக்கும் மருந்தைக் கணக்காகக் கலந்து மூடிவிடுகிறார்கள், நாம் திறப்பதில்லை. உங்களுடையதோ நீங்களே நிரப்பி, நீங்களே திறந்து, மறுபடி நிரப்பப்போவது. ஒருதரம் மருந்தின் அளவு குறைந்தால் போதும்.

சோதிப்பது சுகம். றேடியேற்றரின் இரண்டு முனையிலும் உள்ள தொட்டிப் பகுதியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பெயின்ற்றைக் கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டுங்கள். மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் பித்தளை அல்லது செம்பு, பயமில்லை. வெள்ளையாக மினுங்கினால் அதை ஒதுக்கிவிட்டு, றேடியேற்றர் ஒன்றை மட்டும் செம்பில் வாங்குங்கள். பம்ப், புளொக், ரியூப் எல்லாம் அப்படியே உதவும். ரியூப்பைப் பூட்டுகிற பிற்றிங்கின் மரை ஏறக்குறைய எல்லாக் கம்பனிக்கும் ஒரே அளவுதான், ஜி 1/4 என்று போட்டிருக்கும்.

புது றேடியேற்றரையும் கழுவாமல் பூட்டாதீர்கள். பற்றவைக்கப் பாவித்த பசையின் மிச்சம் உள்ளே ஒட்டியிருக்கும். சுடச்சுட வடித்த நீர் (டிஸ்ரில்ட் வோட்டர்) ஊற்றி, இரண்டு வாயையும் மூடிக் குலுக்கி, ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேணும். நான் ஆறேழு தரம் கழுவுவேன்.

என்னிடம் ஏற்கெனவே லூப் இருக்கிறது. கண்ணாடி மாதிரியான கடின ரியூப். கிராபிக்ஸ் காட் ஆர்டிஎக்ஸ் 3070. இப்போது 4070 சூப்பர் போட நினைக்கிறேன். றேடியேற்றரையும் பெரிதாக்க வேணுமா? பழைய காட்டின் புளொக் புதியதற்குப் பொருந்துமா?
— வாசகர், சம்மாந்துறை

றேடியேற்றர் இருக்கிறதே போதும். இரண்டு காட்டுக்கும் கம்பனிக் கணக்கு 220 வாட். சூடு ஒன்றுதான், ஆகவே இன்று போதுமாக இருப்பது நாளைக்கும் போதும்.

புளொக் பொருந்தாது. செலவில் எல்லோரும் மறந்துபோவது இதைத்தான். புறொசெசர் புளொக்கைப் பிடிமானத்தை மட்டும் மாற்றி அடுத்த மதர்போட்டுக்கும் கொண்டுபோகலாம். கிராபிக்ஸ் காட் புளொக் அப்படியில்லை. அந்தப் பலகையில் துளை எங்கே, மெமறிச் சிப் எங்கே என்று பார்த்து வெட்டினது. ஒரே 4070 சூப்பர் என்றாலும் ஒரு கம்பனியின் பலகை பல தடவை மற்றக் கம்பனியினது மாதிரி இராது. அதனால் காட்டை வாங்கிவிட்டுப் புளொக் தேடாதீர்கள். புளொக் எந்த மொடலுக்குக் கிடைக்கிறது என்று பார்த்து, அந்தக் காட்டை வாங்குங்கள். புதுக் காட்டின் சொந்த ஃபேன் கூட்டைக் கழற்றினால் அதன் ஆணி, பாட் (சிப்பிலிருந்து சூட்டைக் கடத்துகிற மெத்தென்ற துண்டு) எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பழைய 3070 இன் ஃபேன் கூடு இன்னும் பத்திரமாக இருந்தால் அந்தக் காட்டை நல்ல விலைக்கு விற்கலாம். இல்லாவிட்டால் தண்ணீர் லூப் வைத்திருக்கிற ஒருவரைத் தேடித்தான் விற்க வேண்டிவரும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பாட்டின் தடிப்பில் கவனம். புளொக்கோடு வந்த கடதாசியில் 1 மில்லிமீற்றர் என்றிருந்தால் 1.5 ஐப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். அந்த அரை மில்லிமீற்றர் புளொக்கைத் தூக்கிப்பிடிக்கும், நடுச் சிப்பில் அது படியாது.

இப்போது ரியூப். புதுக் காட்டின் வாய் பழையதை விடக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வந்தால் உங்கள் கடின ரியூப் எதுவும் பொருந்தாது. எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கி வளைக்க வேணும். காட்சிக்கு அதைப்போல அழகு வேறில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் வருடத்துக்கு ஒருதரம் எதையாவது மாற்றுகிற ஆளுக்கு நான் கறுப்பு ஈபிடிஎம் இறப்பர் ரியூப்தான் போட்டுக்கொடுக்கிறேன். தெளிவான பிவிசி ரியூப் நாள் போகப்போக மங்கி, அதிலிருந்து கசிகிற பசை புளொக்கில் படியும். ஈபிடிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை. வளைவில் கொஞ்சம் கூட நீளம் விட்டு வெட்டினால் அடுத்த காட்டுக்கும் அதே ரியூப் எட்டும்.

அதோடு, லூப்பில் ஆகக் கீழான இடத்தில் ஒரு வடிகால் குழாய் போடுங்கள். உங்கள் பெட்டியில் அது இல்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது இல்லாத பெட்டியைச் சரித்து, கவிழ்த்து, துணி பிடித்து வடிப்பதில்தான் மதர்போட் நனைகிறது. லூப் கட்டும்போது பூட்டுகிற நாளை மட்டும் நினைக்கிறோம். திறக்கிற நாளை நினைத்துக் கட்டினால் பாதித் தவறு நேராது.

கலியாண வீடியோ வெட்டுற தொழில். ரைசன் 7 3700எக்ஸ், பி450 மதர்போட். ரெண்டர் போட்டால் 90 பாகை. லூப் போட்டால் வேகம் கூடுமா?
— வாசகர், கல்முனை

உங்களுக்கு லூப் வேண்டாம். அந்தப் புறொசெசர் முழு வேலையிலும் இழுப்பது 88 வாட் அளவு. நல்ல காற்றுக் கூலர் ஒன்று அதைச் சத்தமில்லாமல் தாங்கும். 90 பாகை வருகிறது என்றால் கூலரில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற பேஸ்ற் காய்ந்துவிட்டது, அல்லது ஒரு பக்க ஆணி இறுகவில்லை. கடற்கரை ஊர்த் தூசி வெறும் தூசி இல்லை. உப்பு ஈரத்தோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது, தூரிகையால் எடுக்க வேணும். முதலில் அதைச் செய்யுங்கள்.

வேகம் வேணுமென்றால் லூப்புக்கு ஒதுக்கிய காசில் ரைசன் 9 5900எக்ஸ் பாருங்கள். அதே ஏஎம்4 சொக்கற், எட்டுக்குப் பதில் 12 கோர். உங்கள் மதர்போட் கம்பனி அதை ஏற்றுக்கொள்ளுகிற பயோஸ் (மதர்போட்டை எழுப்புகிற மென்பொருள்) வெளியிட்டிருக்கிறதா என்று மொடல் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். 5900எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும். மலிவான பி450 பலகைகளில் மின்சாரம் கொடுக்கிற பகுதிக்கு வெப்பத் தகடே இருக்காது, அப்படியானதில் போடாதீர்கள். பயோஸ் மாற்றும்போது யூபிஎஸ் கட்டாயம். பாதி எழுதும்போது கரண்ட் போனால் மதர்போட் எழும்பாமலே போகலாம்.

தண்ணி முதலில் புறொசெசருக்குப் போக வேணுமா, கிராபிக்ஸ் காட்டுக்கா? கச்சான் காற்றுக் காலத்தில் அறையே கொதிக்குது, லூப் தாங்குமா?
— வாசகர், அக்கரைப்பற்று

எதற்கு முதலில் போனாலும் ஒன்றுதான். நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடுகிறது, சூடு 300 வாட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றில் தண்ணீர் ஏறுவது ஏறக்குறைய ஒரு பாகை. ரியூப் எப்படி நேராக ஓடுமோ அப்படிப் பூட்டுங்கள். தொட்டி மட்டும் பம்புக்கு முன்னால், அதற்கு மேலாக இருக்க வேணும், பம்ப் ஒரு நிமிடமும் காய்ந்து ஓடக்கூடாது.

அறை 34 பாகை என்றால் தண்ணீர் 34 க்குக் கீழே இறங்காது. றேடியேற்றர் சூட்டை அறைக் காற்றுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் 44, 45 வரை போகலாம், அது பிழையில்லை. பெரும்பாலான பம்புகளுக்கு 60 பாகைதான் எல்லை, அதை நெருங்க விடாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே ஜன்னலை மூடிவிட்டு ஓட்டினால் எந்த றேடியேற்றரும் உதவாது.

எங்கட கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, துணியில வடிச்சு ஊத்தலாமா? பெற்றோல் செட்டில விக்கிற பெட்டரித் தண்ணி சரியா?
— வாசகர், வாழைச்சேனை

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் மிச்சச் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது புளொக்கிலும் படியும்.

வடித்த நீர் என்று எழுதிய பெட்டரித் தண்ணீர் பாவிக்கலாம். அதே இடத்தில் பெட்டரி அசிற்றும் விற்கும். போத்தலை வாசித்து, கேட்டு வாங்குங்கள். ஊற்றுவதற்கு முன் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீற்றர் ஒன்றை அமிழ்த்திப் பாருங்கள், பூச்சியத்தை ஒட்டி வர வேணும். அதிலும் வெறும் தண்ணீராக விடாமல் அரிப்பையும் பாசியையும் தடுக்கிற கூலன்ற் மருந்தைச் சேர்க்க வேணும். பால் மாதிரி வெள்ளை, முத்து மினுக்கம் உள்ள கூலன்ற்றுகளை நான் யாருக்கும் ஊற்றிக்கொடுப்பதில்லை, அந்தத் துகள்கள் ஒருநாள் அடியில் படியும்.

'வடித்த நீர் கரண்ட் கடத்தாது, ஒழுகினாலும் பயமில்லை' என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். அதை நம்பாதீர்கள். லூப்பில் சுற்றத் தொடங்கியதும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மருந்தும் இருக்கிறது, பலகையில் உப்புத் தூசியும் இருக்கிறது. எனக்கு நடந்தது இது. ஒரு பொடியனுக்குக் கட்டிய பெட்டியில் ஒரு பிற்றிங்கின் ஓரிங் என்ற இறப்பர் வளையம் நெளிந்து மாட்டியிருந்தது. மாலை ஆறு மணிக்கு நிரப்பி, மூன்று மணித்தியாலம் ஒழுகாததைப் பார்த்துவிட்டு முழுக் கரண்ட்டும் கொடுத்தேன். அடுத்த நாள் அவன் வீட்டில், தண்ணீர் சூடேறி இறப்பர் இளகினபோது, கிராபிக்ஸ் காட்டில் சொட்டியிருக்கிறது. காட் போய்விட்டது. என் காசில் வேறு காட் வாங்கிக்கொடுத்தேன். அவன் அந்தக் காட்டுக்காக இரண்டு வருடம் சேமித்தவன். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து நான் அப்பாவின் முறைக்குப் போய்விட்டேன். அவர் றேடியேற்றரின் ஒரு வாயை அடைத்து, மற்ற வாயால் காற்றை அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார், குமிழி வருகிற இடம் ஓட்டை. நான் தண்ணீர் ஊற்றுவதற்கு முன், முழு லூப்புக்கும் அழுத்தமானி பூட்டிய கைப்பம்பால் அரைப் பார் அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறேன். அதற்கு மேல் அடித்தால் அக்ரிலிக் தொட்டி வெடிக்கலாம். அரை மணித்தியாலம் ஊசி அசையாவிட்டால்தான் தண்ணீர். பிறகு பவர் சப்ளையின் 24 ஊசிப் பிளக்கில் மதர்போட்டில் பூட்டாமலே அதை ஓடவைக்க விற்கிற சின்னச் சாவியைப் போட்டு, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ரிசூக் கடதாசி வைத்து ஒரு முழுநாள் ஓட விடுகிறேன்.

மகன் ஏ.எல். எழுதிப்போட்டு நிக்கிறான். தண்ணி ஓடுற கொம்பியூட்டர் கட்டப்போறன் எண்டு ஒரே பிடிவாதம். கரண்டும் தண்ணியும் ஒண்டா இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா தங்கச்சி?
— வாசகி, ஆரையம்பதி

அக்கா, தண்ணீர் ஓடுகிற பகுதியில் இருப்பது 12 வோல்ற், ஆளை அடிக்காது. 230 வோல்ற் பவர் சப்ளைப் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும், அந்தப் பெட்டியை மட்டும் அவன் திறக்கக்கூடாது. ஒழுகினால் சுவரிலிருந்து பிளக்கை இழுத்துவிட்டுத்தான் கையை வைக்க வேணும். பம்பால் கரண்ட் பில் கூடும் என்றும் பயப்படாதீர்கள், அது இழுப்பது 20 வாட் அளவுதான்.

மறிக்க வேண்டாம் என்றே சொல்லுவேன். உலோகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் பாடப் புத்தகத்தில் படித்ததை இனிக் கையால் தொடப்போகிறான். ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். முதலில் காற்றுக் கூலரோடு கட்டி ஓட்டிப் பார்க்கட்டும், எல்லாம் ஒழுங்காக வேலை செய்த பிறகு லூப். பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கிற அந்த ஒரு நாளில் நீங்களும் டோர்ச் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ரிசூவில் ஈரம் பிடிக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோடிக் கண் வேணும், இரவில் அவன் தூங்கிப்போவான்.

காத்தான்குடித் தம்பி, சுரண்டிப் பார்த்தும் நிறம் பிடிபடாவிட்டால் றேடியேற்றரைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். தூக்கிப் பார்த்துச் சொல்லுகிறேன்.