1420.0-இல் நிற்கும் ஊசி யாருடையது? ரேடியோக் குறுக்கீடு: கேள்வி பதில்

ரேடியோ தொலைநோக்கிகளையும், பூமியை மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்களையும் தொல்லைப்படுத்தும் குறுக்கீடு பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

இயற்பியல் மாணவி: சார், ஹைட்ரஜன் கோட்டை (விண்வெளி ஹைட்ரஜன் அணு உமிழும் ரேடியோ அலையை) பிடிக்க ஒரு சிறிய டிஷ்ஷும் ஆர்டிஎல் டாங்கிளும் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) வைத்திருக்கிறோம். சரியாக 1420.0 மெகாஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு முகடு நகராமல் நிற்கிறது. வானத்திலிருந்து வருகிறதா, எங்கள் மேசையிலிருந்தா?

பதில்: பெரும்பாலும் மேசையிலிருந்துதான். முகடு சுத்தமாக முழு எண்ணில் உட்கார்ந்தாலே கருவிக்குள் சீராகத் துடிக்கும் ஏதோ ஒரு மின்னணுக் கடிகாரத்தை, அதாவது ஆஸிலேட்டரைச் சந்தேகப்படுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரின் 142-ஆவது ஹார்மோனிக் (142 மடங்கு அலைவரிசை) 1420.0-இல் விழும், 20 மெகாஹெர்ட்ஸின் 71-ஆவதும் அதே இடம்தான். ஹைட்ரஜன் கோடு இருப்பது 1420.406-இல். அங்கே நொடிக்கு 1 கி.மீ. வேகத்துக்குக் கோடு 4.74 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஆகவே உங்கள் ஊசி, நொடிக்கு 86 கி.மீ. வேகத்தில் விலகிப் போகும் வாயு மேகம் போல வேஷம் போடுகிறது. பால்வெளியில் அப்படிப்பட்ட மேகங்கள் நிஜமாகவே உண்டு என்பதுதான் வம்பு. ஆனால் பால்வெளி ஹைட்ரஜன் இப்படி ஊசியாக இருக்காது, பல பத்து கிலோஹெர்ட்ஸுக்குப் பரந்து கிடக்கும்.

உறுதி செய்ய, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு முதல் ஆம்ப்ளிஃபையரின் வாயில் 50 ஓம் டெர்மினேட்டரை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை மூடி) திருகுங்கள். ஊசி அப்படியே நின்றால் கருவிக்குள்ளேயே பிறக்கிறது, அல்லது கேபிள் உறை வழியாக ஏறுகிறது. மறைந்துவிட்டால் ஆன்டெனா வழியாக வருகிறது. அப்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பக்கத்திலுள்ள எல்இடி விளக்கு, நெட்வொர்க் ஸ்விட்ச் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதிலும் பிடிபடவில்லையா, ஒரு வாரப் பதிவை அடுக்கி வைத்து ஒப்பிடுங்கள். வானப் பொருள் தினமும் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக வரும். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போனால் அது மனிதர்கள் வேலைதான்.

ஒரு வாசகர்: இவ்வளவு பெரிய டிஷ்களை ஒரு சார்ஜர் கெடுக்குமா? மிகைப்படுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ரிசீவரின் மொத்த இரைச்சல் 20 கெல்வின் (ரேடியோவில் இரைச்சலை வெப்பநிலையாகவே அளப்பது வழக்கம்), பட்டையின் அகலம் 27 மெகாஹெர்ட்ஸ், 2000 நொடி சராசரி என்று வையுங்கள். அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 20-ஐ வகுத்தால் இரைச்சலின் அலைவு கிடைக்கும்: சுமார் 0.000086 கெல்வின். ஐ.டி.யு.வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஆர்ஏ.769 பரிந்துரை, குறுக்கீடு இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. சக்தியில் சொன்னால் ஏறத்தாழ 3×10⁻²¹ வாட், அதாவது −205 டெசிபல் வாட் (1 வாட்டைப் பூஜ்யமாக வைத்த மடக்கை அளவு). டிஷ் நேராகப் பார்க்காத திசையில், மைய அச்சிலிருந்து 19 டிகிரி தள்ளிப் பக்க மடலில் (டிஷ் ஓரமாகவும் கொஞ்சம் கேட்கும் திசையில்) நுழைந்தாலே இந்தக் கதி. அந்த எல்லை போடப்பட்டதே அப்படிப்பட்ட நுழைவுக்குத்தான்.

நிலாவில் 1 வாட் சக்தியில், 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு கைப்பேசி பேசினால் இங்கே அது சுமார் 270 ஜான்ஸ்கி (வானியலில் ரேடியோ வலிமையின் அலகு). தொலைநோக்கிகள் இன்று தேடுவது மைக்ரோஜான்ஸ்கிகளை. சார்ஜர் நிலாவில் இல்லை, டிஷ்ஷுக்குக் கீழே இருக்கிறது.

மின்னணுப் பொறியாளர்: ஃபில்டரை முதல் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: முன்னால் வைத்தால் ஃபில்டரின் ஒவ்வொரு அரை டெசிபல் இழப்பும் சுமார் 35 கெல்வின் இரைச்சலைக் கூட்டும், ஒரு டெசிபல் இழப்பு 75 கெல்வின். 20 கெல்வின் ரிசீவருக்கு இது அநியாய விலை. பின்னால் வைத்தால் இரைச்சல் பிரச்சினை இல்லை, ஆனால் பக்கத்து செல் கோபுரமோ டிவி கோபுரமோ ஆம்ப்ளிஃபையரையே திணறடிக்கும். திணறினால் அது தானே புது அலைகளை உருவாக்கும்: 480-இல் ஒரு டிவி, 940-இல் ஒரு செல் கோபுரம் இருந்தால் இரண்டின் கூட்டல் 1420. காற்றில் அந்த அலையே கிடையாது, உங்கள் பெட்டிக்குள் மட்டும் இருக்கும். அந்த அலைவரிசையில் யார் ஒலிபரப்புகிறார்கள் என்று ஊரெல்லாம் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

கண்டுபிடிக்க ஒரு 3 டெசிபல் அட்டெனுவேட்டர் (அலையின் வலிமையைக் குறைக்கும் சிறு துண்டு) போதும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் செருகுங்கள். சந்தேகத்துக்குரிய முகடு 3 டெசிபல் இறங்கினால் உண்மையிலேயே காற்றில் இருப்பது. 6 இறங்கினால் மேலே சொன்ன கூட்டல் வகை. 9 இறங்கினால் மூன்றாம் வரிசைக் கலப்பு (ஒன்றின் இருமடங்கிலிருந்து இன்னொன்றைக் கழிப்பது போன்றது). திணறல் உறுதியானால் முன்னால் இழப்பு குறைந்த கேவிட்டி (உலோகப் பெட்டி) ஃபில்டர், பின்னால் கூர்மையான சா (படிகப் பரப்பு அலை) ஃபில்டர். திணறல் இல்லையென்றால் முன்னால் எதையும் வைக்காதீர்கள்.

நிலையப் பராமரிப்பாளர்: கணினிகளை உலோக அறைக்குள் அடைத்துவிட்டோம். ஆனாலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கசிவு தெரிகிறது.

பதில்: சுவரைப் பார்க்காதீர்கள், ஓட்டைகளைப் பாருங்கள். கதவு விளிம்பில் பெரிலியம் காப்பர் விரல் பட்டை இருக்கும்; ஒரே ஒரு விரல் வளைந்திருந்தாலும் அங்கே அலை கசியும் பிளவு, அதாவது ஒரு பிளவு ஆன்டெனா தயார். விளிம்பில் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதிகம் நடப்பது அதுதான்.

ஃபைபர் நுழைய உலோகக் குழாய் வைப்பது சரியான வழி. 10 மி.மீ. விட்டக் குழாய் சுமார் 17.6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அலையைக் கடத்தாது. அந்த எல்லைக்கு வெகு கீழே, குழாயின் நீளம் விட்டத்துக்குச் சமமான ஒவ்வொரு தொலைவுக்கும் சுமார் 32 டெசிபல் தடுப்பு கிடைக்கும், 30 மி.மீ. நீளம் என்றால் 96 டெசிபல். யாராவது அதே குழாயில் ஒரு தாமிர வயரையும் சேர்த்து நுழைத்துவிட்டால் கதை முடிந்தது. அது கோஆக்சியல் கேபிள் (நடுவில் வயர், சுற்றி உலோக உறை) ஆகிவிடும், எல்லா அலைவரிசையும் வெளியே வரும். வலுவுக்காக உள்ளே இரும்புக் கம்பி ஓடும் ஃபைபர் கேபிளும் இதே வேலையைச் செய்யும். மின்சாரம் நுழையும் வயருக்குக் குழாய் உதவாது. சுவரிலேயே பதிக்கும் ஃபீட்-த்ரூ ஃபில்டர்தான் வேண்டும்.

தரவு ஆய்வாளர்: வன்பொருளில் இவ்வளவு பாடு எதற்கு? மென்பொருளில் வெட்டி எறிந்துவிடலாமே.

பதில்: வெட்டினால் தரவும் போகிறது. அதுகூடப் பரவாயில்லை, பெரிய கவலை, வெட்டுக்குக் கீழே நிற்பவை. ஐந்து சிக்மாவில் (சிக்மா என்பது இரைச்சலின் வழக்கமான அலைவு) வெட்டினால் நான்கு சிக்மா குறுக்கீடு பத்திரமாக உள்ளே தங்கும். மணிக்கணக்கில் சராசரி எடுக்கும்போது அது தலை தூக்கும்.

வெட்டுவதானால் சராசரி எடுப்பதற்கு முன்பே, நேரமும் அலைவரிசையும் நுண்ணியதாக இருக்கும்போதே வெட்டுங்கள். ஒரு மில்லி நொடி ரேடார் துடிப்பு பத்து நொடிச் சராசரியில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும். சிக்மாவைச் சாதாரண திட்ட விலக்கத்தால் அளக்காதீர்கள், குறுக்கீடே அதை ஊதிவிடும். இடைநிலையிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் விலகும் தூரங்களின் (கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல்) இடைநிலையை எடுத்து 1.4826-ஆல் பெருக்குங்கள். மேல் பக்கம் மட்டும் வெட்டினால் சராசரி கீழே சாயும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏஓஃப்ளாகர் போன்ற, குறுக்கீட்டைத் தானாகக் குறிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் 1420.4-ஐச் சுற்றி விலக்கு கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் உங்கள் ஹைட்ரஜனையே குப்பை என்று எறிந்துவிடும்.

வேளாண் ஆய்வாளர்: மண் ஈரத்தை அளக்கும் செயற்கைக்கோள் படத்தில் சில இடங்கள் வருடம் முழுக்க வறண்டே தெரிகின்றன. அங்கே ஏரி இருக்கிறது ஐயா!

பதில்: மண் ஈரம் அளக்கும் செயற்கைக்கோள்களான ஸ்மாஸ், ஸ்மாப் இரண்டும் 1400–1427 மெகாஹெர்ட்ஸில் தரையின் வெப்ப இரைச்சலைக் கேட்கின்றன. ஈர மண் குறைவாகவும் உலர் மண் அதிகமாகவும் கதிர்வீசும். குறுக்கீடு பெரும்பாலும் அந்த இரைச்சலைக் கூட்டத்தான் செய்யும். ஆகவே அது மண்ணை உலர்ந்ததாகக் காட்டும். 400 கெல்வின் என்று வந்தால் எந்த மண்ணும் அவ்வளவு சுடாது என்று ஒதுக்கிவிடலாம். 5 கெல்வின் கூடினால்? நம்பத்தகுந்த பொய். அதனால்தான் 2015-இல் ஏவப்பட்ட ஸ்மாப், பட்டையை 16 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குர்டோசிஸ் (இரைச்சல் மதிப்புகள் பரவியிருக்கும் வடிவத்தின் அளவு) அளந்து, இயற்கை இரைச்சல் போல இல்லாததைக் கழிக்கிறது. உங்கள் கோப்பில் தரக் கொடிகள் (அந்த அளவீடு நம்பத்தக்கதா என்ற குறிகள்) இருக்கும். மதிப்பைப் படிக்கும் முன் அதைப் படியுங்கள்.

அந்தப் பட்டையில் எந்த ஒலிபரப்பும் கூடாது என்று சர்வதேச ரேடியோ விதிகளின் 5.340 அடிக்குறிப்பு சொல்கிறது. ஆனாலும் 1400-க்குக் கீழே இயங்கும் ரேடார்களின் கசிவும், விதி தெரியாமல் விற்கப்பட்ட கம்பியில்லாக் கேமராக்களும் அங்கே வந்து விழுகின்றன.

வானிலை ஆர்வலர்: 5ஜியால் மழைக் கணிப்பு கெடும் என்கிறார்கள். வதந்தியா?

பதில்: ஊதிப் பெரிதாக்கப்பட்டது, ஆனால் அடிப்படை உண்மை. நீராவியின் கோடு 22.235 கிகாஹெர்ட்ஸ், வானிலைச் செயற்கைக்கோள்கள் கேட்கும் பட்டை 23.6–24.0. வேறு இடத்துக்கு மாறச் சொல்ல முடியாது, மூலக்கூறு மாறாது. 2019 உலக ரேடியோ மாநாடு 24.25-இலிருந்து மேலே கைப்பேசி சேவைக்குக் கொடுத்தது. கீழே கசிவதற்கு, ஒரு கோபுர நிலையத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு −33 டெசிபல் வாட், அதாவது அரை மில்லிவாட் என்று எல்லை வைத்தது. 2027 செப்டம்பர் 1-க்குப் பிறகு இயக்கத்துக்கு வருபவற்றுக்கு −39. உலக வானிலை அமைப்பு கேட்டதோ −55. இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். எல்லாக் கோபுரமும் உச்ச அளவில் கசியாது என்பது சமாதானம். செயற்கைக்கோள் படத்தின் ஒரு பிக்சலுக்குள் எத்தனை கோபுரம் வரும் என்பது கவலை. கடலுக்கு மேல் கூடுதல் இரைச்சல் கூடுதல் நீராவியாகத் தெரியும்.

வானியல் மன்ற உறுப்பினர்: ரேடியோ ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அமைதி வலயங்கள் போதாதா?

பதில்: தரைக்குப் போதும், வானத்துக்குப் போதாது. அமெரிக்காவில் 1958-இல் அமைத்த க்ரீன் பேங்க் வலயம் சுமார் 34,000 சதுர கி.மீ.; மலைகளும் உதவுகின்றன. செயற்கைக்கோள் மலையைத் தாண்டி மேலே நிற்கிறது. 2023-இல் வெளியான லோஃபார் (ஐரோப்பாவின் குறைந்த அலைவரிசை ரேடியோ தொலைநோக்கி) அளவீட்டில், பார்த்த 68 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 47-இலிருந்து 110–188 மெகாஹெர்ட்ஸில் கசிவு பதிவானது. அது ஒலிபரப்பே அல்ல, உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றின் இரைச்சல். உரிமம் ஒலிபரப்பைத்தான் கட்டுப்படுத்துகிறது, இதை அல்ல. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் தொலைநோக்கியின் திசையில் கற்றையைத் திருப்பாமல் இருக்கும் ஏற்பாடு ஒலிபரப்புக்கு உதவும். இந்தக் கசிவுக்கு உதவாது. அதை வடிவமைப்பிலேயே அடைக்க வேண்டும்.

புதிய உறுப்பினர்: அண்ணா, புகார் கொடுத்தால் யாராவது மதிப்பார்களா? என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: ஆதாரத்தைப் பொறுத்தது. “இரைச்சலாக இருக்கிறது” என்றால் கோப்பு மூலைக்குப் போகும். மைய அலைவரிசை, அகலம், யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நேரத்தில் தொடக்கமும் முடிவும், முனைவாக்கம் (அலை அதிரும் திசை), ஆன்டெனா பெயரும் உயரமும், ஸ்பெக்ட்ரம் படம், டெர்மினேட்டர் போட்டு எடுத்த இன்னொரு படம் எல்லாம் வேண்டும். இந்த இரண்டாவது படம் இல்லையென்றால் “உங்கள் கருவிதான் கோளாறு” என்பார்கள், அதற்குப் பதில் இருக்காது. பிறகு யாகி ஆன்டெனாவோடு (ஒரு திசையில் மட்டும் நன்றாகக் கேட்கும் கம்பி ஆன்டெனா) குறைந்தது இரண்டு இடத்திலிருந்து திசை எடுங்கள். முகடு உச்சமாகும் திசையைவிட, முகடு காணாமல் போகும் திசை துல்லியமாகக் கிடைக்கும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்.

எந்த விதி மீறப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். 5.340 பட்டை என்றால் தடை. அதே விதிகளின் 5.149 அடிக்குறிப்பில் வரும் பட்டை என்றால் “இயன்ற எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்” என்ற வலுக் குறைந்த வாசகம்தான் இருக்கிறது. அங்கே சண்டைக்குப் போகாமல் பேசி நேரம் பங்கிடப் பாருங்கள். நாட்டின் அலைவரிசை ஒழுங்குமுறை அலுவலகத்துக்கே முதலில் அனுப்புங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வருவதானால் அவர்கள்தான் ஐ.டி.யு. வழியாக அடுத்த நாட்டுக்கு எழுத முடியும், நீங்கள் நேரடியாக எழுத முடியாது.